வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 19 வருடமாக ஓட்டுநர். வயது 51. சர்க்கரை நோயால் வலது கண்ணில் பார்வை போய்விட்டது. 'ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர்' என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. அன்றிலிருந்து டூட்டி இல்லை, ஐந்து மாதமாகச் சம்பளமும் இல்லை. டிப்போவில் கேட்டால், "வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுங்கள், செட்டில்மென்ட் சீக்கிரம் வரும், பையனுக்கும் ஏதாவது பார்க்கலாம்" என்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் 30 சதவீதம் என்றுதான் இருக்கிறது. 40 இருந்தால்தான் சட்டம் பேசலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: எழுதிக் கொடுக்க வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மருத்துவக் குழுவின் வாசகத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 'ஓட்டுநர் பணிக்கு'. பஸ் ஓட்டக் கூடாது என்கிறது குழு, அது சரிதான். ஆனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறக்குவது வேறு, வேலையிலிருந்து இறக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் டிப்போவின் சாமர்த்தியம் இருக்கிறது.

உங்களுக்குத் துணை நிற்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் பிரிவு 20(4). பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் அதே சம்பள விகிதத்தில், அதே பணிப் பலன்களோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் காலியில்லை என்றால், கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி (அலுவலகத்தில் 'சூப்பர்நியூமரரி' என்பார்கள்) பொருத்தமான இடம் வரும்வரை, அல்லது ஓய்வு வயது வரை அதில் வைத்திருக்கலாம். அதனால் 'வேகன்சி இல்லை' என்ற பதில் உங்கள் கணவரை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது.

அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளும் 'அரசு நிறுவனம்' என்ற சொல்லுக்குள் வருகின்றன. போக்குவரத்துக் கழகம் அப்படிப்பட்டதுதான். பணிக்காலத்தில் ஏற்பட்ட குறைபாடு என்றால் பணியின்போது நடந்த விபத்தாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சர்க்கரையால் கண் போனாலும், லீவில் ஊருக்குப் போனபோது கால் போனாலும் இந்தப் பிரிவு பொருந்தும். "டூட்டியில் அடிபடவில்லையே" என்று யாராவது சொன்னால் பிரிவு 20(4)-ஐ எடுத்துக் காட்டுங்கள்.

இனி அந்த 30, 40 கணக்கு. ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லாமல் மற்றொரு கண் நன்றாக இருந்தால், மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 30 சதவீதம்தான் போடுவார்கள். உங்கள் மருத்துவர் குறைத்து எழுதவில்லை, அட்டவணையே அப்படி. 40 சதவீதம் என்ற வரம்பு வேலைக்கு எடுக்கும்போதுள்ள இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு. 20(4)-ல் அந்த 40 எங்கும் கிடையாது, 'குறைபாடு' என்ற சொல் மட்டுமே இருக்கிறது. கழகத்தின் வக்கீல் இன்னொன்றும் சொல்லக்கூடும்: சட்டத்தின் பட்டியலில் பார்வைக் குறைபாட்டை நல்ல கண்ணை வைத்துத்தானே அளக்கிறார்கள், ஒற்றைக் கண் அதில் வராதே என்று. வாதம் கொஞ்சம் கூர்மையானதுதான். ஆனால் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும் பிரிவு 2(ஸ), பட்டியலைவிட விரிந்தது. நீண்ட காலக் குறைபாடு ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் தடுத்தால் போதும். ஸ்டியரிங்கைப் பிடிக்க விடாத கண் அந்த விளக்கத்துக்குள் வரும் என்பது என் கருத்து. 2025 ஆகஸ்டில் தெலங்கானா போக்குவரத்துக் கழக வழக்கில், நிறக்குருடு என்று நீக்கப்பட்ட ஓர் ஓட்டுநருக்கு மாற்றுப் பணி தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். நிறக்குருடும் அந்தப் பட்டியலில் இல்லாததுதான். அந்த வழக்கில் ஊழியர்களோடு கழகம் 1979-ல் போட்ட ஒப்பந்தமும் துணைக்கு வந்தது. உங்கள் கழகத்திலும் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் தொழிற்சங்கங்களோடு போட்ட 12(3) ஒப்பந்தங்கள் இருக்கும். சங்கத்தில் கேட்டு, மாற்றுப் பணி பற்றிய பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள்.

வி.ஆர்.எஸ். கடிதம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்தவர் 1994-ல் இரண்டு கண்ணும் இழந்தார். 1996-ல், தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மனைவிக்கு வேலை தரும்படி கடிதம் எழுதினார். வாரியம் ஓய்வு கொடுத்து அனுப்பியது, மனைவிக்கு வேலை கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-ல்தான் முடிந்தது. சட்டம் தனக்குத் தரும் பாதுகாப்பு தெரியாத ஒருவர் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள்தான் என்று நீதிமன்றம் கண்டித்தது. அவர் பணியில் தொடர்ந்ததாகவே கருதிப் பலன்களைக் கொடுக்கச் சொன்னது. ஜெயித்தார், ஆனால் கடிதம் எழுதிப் பன்னிரண்டு வருடம் கழித்து. 'பையனுக்கு ஏதாவது பார்க்கலாம்' என்று உங்களிடம் சொல்கிறவரை அதையே லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, வீட்டில் சும்மா இருந்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் 'கூப்பிடுவார்கள்' என்று எட்டு மாதம் காத்திருந்தார். வந்தது சார்ஜ் மெமோ, 'அனுமதியின்றிப் பணிக்கு வராமை' என்று. நியாயமே இல்லை, ஆனாலும் அதற்குப் பதில் எழுதி, என்கொயரிக்குப் போய் அவர் அலைந்ததுதான் மிச்சம். நாளைக்கே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்:

'என் வலது கண்ணில் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது. மருத்துவக் குழு என்னை ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என்று அறிவித்துள்ளது. நான் தொடர்ந்து பணிபுரியத் தயாராக உள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-ன்படி எனக்கு அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி வழங்கவும், தகுதியற்றவர் என அறிவித்த நாளிலிருந்து நிலுவைச் சம்பளத்தை வழங்கவும், கழித்த விடுப்பைக் கணக்கில் திரும்பச் சேர்க்கவும் வேண்டுகிறேன்.'

இவ்வளவு போதும், குடும்பக் கஷ்டம் வேண்டாம். மேலாண்மை இயக்குநருக்கு எழுதி, பொது மேலாளருக்கும் கிளை மேலாளருக்கும் நகல் கொடுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்.

மருத்துவக் குழுவின் அறிக்கை உங்கள் கையில் இருக்கிறதா? பல நேரம் உறைக்குள் ஒட்டி நேராகக் கழகத்துக்குப் போய்விடும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேளுங்கள். பார்வை இழப்பு நிரந்தரம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் கண் மருத்துவரிடம் அதைத் தனியாக எழுதி வாங்குங்கள். தற்காலிகம் என்று இருந்தால், குணமாகும்வரை விடுப்பில் இரு என்பார்கள்.

சம்பளம் பற்றிய எதிர்பார்ப்பையும் சரி செய்துகொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, இன்கிரிமென்ட், சீனியாரிட்டி குறையக் கூடாது. கலெக்‌ஷன் பேட்டா, டபுள் டூட்டிப் பணம் இனி வராது. அவை வண்டி ஓட்டினால் வருபவை. நேரக் காப்பாளர் அறை, டயர் பிரிவு, அலுவலகம் என்று எங்கே போட்டாலும் ஆர்டரில் ஓட்டுநரின் பழைய சம்பள விகிதம் இருக்கிறதா என்று படித்துவிட்டுச் சேருங்கள். 'உதவியாளர் – புதிய நியமனம்' என்று ஆர்டர் வந்தால் 19 வருட சர்வீஸ் காற்றில் போய்விடும். 'ஆட்சேபணையுடன் சேர்கிறேன்' என்று எழுதியே சேர வேண்டும்.

பதில் வராவிட்டால்? ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் பிரிவு 23-ன்படி மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரத்தில் அவர் விசாரிக்க வேண்டும். அதிலும் நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவருக்குச் சாட்சிகளை வரவழைக்க சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு, ஆனால் கடைசியில் அவர் தருவது பரிந்துரை. அதை ஏற்க மாட்டோம் என்றால் கழகம் மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் சம்பளம் இல்லாத வீட்டுக்கு இது நீண்ட வழி. கடிதம் கொடுத்து முப்பது நாள் பார்த்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதுதான் என் யோசனை. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

தனியார் பஸ் ஓட்டுநர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: 20(4) அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. உங்களுக்கான வழி இ.எஸ்.ஐ., பி.எஃப். பக்கம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஒருவேளை உங்கள் கணவர் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் மறைக்க வேண்டாம். வி.ஆர்.எஸ். விண்ணப்பத்தைக் கழகம் இன்னும் ஏற்காமல் இருந்தால் திரும்பப் பெறலாம். 'கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று ஒரு வரியை மேலே சொன்ன கடிதத்தின் தொடக்கத்தில் சேர்த்து, அன்றே சீல் வாங்கிவிடுங்கள்.