ரத்தம் வரவில்லை, கடலுக்குப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பாம்பனில் நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறார். மூன்று நாளைக்கு முன்னால் படகில் வழுக்கி விழுந்து பின்மண்டை பலகையில் இடித்துவிட்டது. ரத்தம் வரவில்லை, சின்னப் புடைப்புதான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். லேசாகத் தலை வலிக்கிறதாம். ஆனாலும் நாளைக்குக் கடலுக்குப் போகணும் என்கிறார். விடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றைக்கே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த வயதும் அந்த மாத்திரையும் தலைவலியும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் நிறைய. சின்னக் கிழிசலுக்கே சட்டை நனைந்துவிடும், தையல் போட்டால் சரியாகிவிடும். உள்ளே நடப்பது வேறு கணக்கு. அதை மூன்று வகையாகப் பார்க்கலாம். மூளை குலுங்கினால் தலைவலி, கிறுகிறுப்பு, கொஞ்சம் மறதி இருக்கும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தெளிந்துவிடும்.

காதுக்கு மேலே எலும்பு மெலிது. அது உடைந்து அடியில் ஓடும் தமனி கிழிந்தால், ஆள் எழுந்து டீ குடித்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்தில் நினைவு தப்பும். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

எனக்குக் கவலை மூன்றாவது வகைதான். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். அதை மேலுறையோடு இணைக்கும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே அறுந்து, ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் இழுக்கும், பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்குவார். வீட்டிலோ ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். ஆகவே இப்போது ஸ்கேன் நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் ஒரு கண் வைத்திருங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, குழப்பம், கைகால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல ஒழுகல், காதுக்குப் பின்னால் கன்றிப்போதல் இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆனால் 108 கரைவரைதான் வரும். நடுக்கடலில் அப்பா மயங்கினால் கரை சேரவே சில மணி நேரமாகும். கடலுக்குப் போவதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போடச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டினால் அவர் முடிவு செய்வார். தலைவலிக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். கடையில் வேறு வலி மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம்.