நாவலுக்குச் செயல்திட்டம்: பினாங்கு டீச்சரின் பதில்கள்

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற ஜார்ஜ் டவுன் ஆசிரியை ஒருவர், நாவல் பாடத்துக்கு மாணவர்கள் செய்யக்கூடிய செயல்திட்டங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார். எடுத்துக்காட்டாக அவர் பெரும்பாலும் சொல்வது ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959). பினாங்கு வட்டிக்கடையில் வேலை செய்யும் செல்லையா, ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து திரும்புகிறவனுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்க முதலாளி வயிரமுத்துப் பிள்ளை மறுக்கிறார். கதை இதுதான்.

ஆசிரியர், பட்டர்வொர்த்: ஒவ்வோர் ஆண்டும் மணிலா அட்டையில் எழுத்தாளரின் படம், கதைச்சுருக்கம், சுற்றிலும் மினுமினுப்புத் தாள். எனக்கே சலித்துவிட்டது. வேறு என்ன கொடுக்கலாம் டீச்சர்?

சலிக்காமல் என்ன செய்யும்? அந்த அட்டையைச் செய்ய நாவலைத் திறக்கவே வேண்டாமே. எதைக் கொடுப்பதற்கு முன்னும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நூலைப் படிக்காத பிள்ளை இதைச் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிட முடியுமா? முடியும் என்றால் அது கைவேலை வகுப்புக்குப் போக வேண்டியது.

நான் விரும்பிக் கொடுப்பது பேரேடு, அதாவது கடையின் கணக்குப் புத்தகம். கதை வட்டிக்கடையைச் சுற்றி நடக்கிறது. அதைக் கடைக்கணக்காகவே எழுதட்டும். ஆளுக்கொரு பக்கம், ஒரு பாதி பற்று, ஒரு பாதி வரவு. ஆனால் வெள்ளிக்காசை எழுதக் கூடாது. உழைப்பு, விசுவாசம், கொடுத்த வாக்கு, பட்ட அவமானம் ஆகியவற்றை எழுத வேண்டும். முதலாளியிடம் தொழில் கற்றது செல்லையாவுக்கு வரவா, பற்றா? பிள்ளையவர்களைக் கேட்டால் அது தாம் கொடுத்த கடன் என்பார். செல்லையாவைக் கேட்டால் உழைத்துத் தீர்த்துவிட்டேன் என்பான். பட்டாளத்துக்குப் போனதை ஒருவர் நட்டத்தில் எழுதுவார், மற்றவர் லாபத்தில் எழுதுவார். மரகதத்தின் பக்கத்துக்கு வந்தால் மாணவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அவள் பெயரில் மற்றவர்கள்தான் வரவு செலவு செய்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே பக்க எண் கட்டாயம். முடிவில் ஐந்தொகை, அதாவது பற்றும் வரவும் நேராகிறதா என்று பார்க்கும் கணக்கு, போடச் சொல்லுங்கள். நேராகாது. ஏன் நேராகவில்லை என்று ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். தேர்வில் 'பாத்திரப் படைப்பை விளக்குக' என்று கேட்டால் எழுத வேண்டியது அதுதான்.

படிவம் நான்கு மாணவி, ஆயர் ஈத்தாம்: மரகதம் செல்லையாவுக்கு எழுதும் கடிதம் என்று எழுதலாமா டீச்சர்? என் தோழிகளும் கடிதம்தான் எழுதுகிறார்கள்.

எழுதலாம் அம்மா. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த அத்தியாயத்தில் நின்று எழுதுகிறாள் என்பதை முதலில் முடிவு செய்துகொள். அதற்குப் பிறகு நடப்பது அவளுக்குத் தெரியாது. அவள் இல்லாத இடத்தில் இருவர் பேசிக்கொண்டதும் தெரியாது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் உன் கடிதம் தோழிகளுடையதைப் போல இருக்காது. 'என் அன்பே' என்று தொடங்காதே. அந்தக் காலத்தில், அந்த வீட்டில் அப்படி எழுதினால் கடிதம் யார் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆசிரியர், புக்கிட் மெர்தாஜாம்: மாணவர்களை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்து வந்து கதை நடந்த இடங்களைக் காட்ட ஆசை. எப்படித் திட்டமிடுவது?

கட்டாயம் அழைத்து வாருங்கள். தமிழ் நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தெருவிலேயே நடக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வருவதற்கு முன் நாவலில் வரும் தெரு, கடை, கோயில், கடற்கரைப் பெயர்களையெல்லாம் மாணவர்களே பட்டியல் எடுக்க வேண்டும். பிறகு இன்றைய வரைபடத்தில் தேடட்டும். இங்கேதான் வேலை தொடங்குகிறது, ஏனென்றால் பெயர்கள் மாறியிருக்கின்றன. பழைய நூல்களில் பிட் தெரு என்று வருவது இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். பினாங்குத் தெரு லெபோ பினாங்கு. கடற்கரைத் தெரு லெபோ பந்தாய்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வாருங்கள். கப்பலில் வந்து இறங்கியவனின் கண்ணுக்கு ஊர் எந்தப் பக்கத்திலிருந்து தெரிந்திருக்கும் என்று புரியும். துறைமுகத்திலிருந்து லெபோ பந்தாய், லெபோ பாசார் வழியாக லெபோ பினாங்குக்கு நடந்து விடலாம். அங்கே நகரத்தார் கோவில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அங்கிருந்துதான். பக்கத்திலேயே குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. கிட்டங்கி, அதாவது வட்டிக்கடைக்காரர்கள் தொழில் நடத்திய கட்டடம், என்றால் என்ன என்று வகுப்பில் எவ்வளவு விளக்கினாலும் பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். தெருப்பக்கம் குறுகி, உள்ளே நீண்டுகொண்டே போகும் கட்டடத்தைப் பார்த்தால், ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடியுடன் (பணப்பெட்டி வைத்துக் கணக்குப் பார்க்கும் இடம்) அருகருகே உட்கார்ந்து தொழில் நடத்தியது எப்படி என்று தானாக விளங்கும். ஒருவர் குரல் தாழ்த்திப் பேசினால் பக்கத்துப் பெட்டியடிக்காரர் காதைத் தீட்டியிருப்பார். வதந்தி எப்படிப் பரவியது என்பதற்குத் தனிப் பாடம் வேண்டாம்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு மாணவர் அந்தப் பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இந்தத் தெருக்களின் மேல் குண்டு போட்டன. 19ஆம் தேதி படை உள்ளே வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது மாணவர்கள் நிற்கிற இடம் முக்கியம். நாசி கண்டார் சாப்பாட்டைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் இலக்கியம் அதோடு முடிந்தது.

ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்: எங்களால் பினாங்கு வர முடியாது. முதியவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்லலாமா?

1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது. கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் அவர்களுடைய பிள்ளைகளிடம் கேட்கட்டும்: ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு வீட்டில் இருந்ததா, அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதை உண்டா, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் வேலைக்குப் போனவர் யாராவது உண்டா? கேட்டதை நாவலுக்கு அருகில் வைத்து, நூல் சொல்லாமல் விட்டது எது என்று எழுத வேண்டும். பேட்டியை மட்டும் ஒப்படைத்தால் அது வரலாற்றுப் பாடம்.

ஒரு தாய், பாயான் லெப்பாஸ்: மகனிடம் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் வாங்கிக் கொடுத்தேன். படம் பார்த்துவிட்டேன், போதும் என்கிறான்.

ஐந்தையும் ஒன்றாகக் கொடுத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அது 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. அப்படியே கொடுங்கள். அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். படம் பார்த்தது கெடுதல் இல்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வருகிற முதல் அத்தியாயத்தைப் படித்து, படம் அதில் எதை எடுத்தது, எதை விட்டது, ஏன் விட்டது என்று எழுதட்டும். நல்ல செயல்திட்டம் அது.

படிவம் ஐந்து மாணவர், கெப்போங்: காலணிப் பெட்டியில் வட்டிக்கடை மாதிரி செய்யலாமா?

தம்பிக்குச் செய்து கொடு.

ஆசிரியர், கூலிம்: பட்டிமன்றம் வைத்தால் கைதட்டல் வருகிறது, நாவல் காணாமல் போகிறது.

வழக்காடு மன்றமாக மாற்றிப் பாருங்கள். வயிரமுத்துப் பிள்ளை கூண்டில் நிற்கட்டும். குற்றச்சாட்டு, வாக்குத் தவறியது. சாட்சிகள் நாவலில் தாங்கள் கண்டதை, கேட்டதை மட்டுமே சொல்லலாம். மீறினால் எதிர்த்தரப்பு பக்கத்தைக் காட்டி மறுக்கும். சத்தமாகப் பேசுகிறவன் தோற்று, கவனமாகப் படித்தவள் வெல்வாள். ஒன்று சொல்கிறேன்: முதலாளி பக்கம் வாதாட நல்ல மாணவரைப் போடுங்கள். அவருக்கும் நியாயம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஆசிரியை, ஈப்போ: செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவருகிறார்கள்.

வாங்கிக்கொள்ளுங்கள். அதையே வகுப்பில் கொடுத்து, நூலில் இல்லாதவற்றைச் சிவப்பு மையில் அடிக்கச் சொல்லுங்கள். ஆளை மாற்றும், சாகாதவரைச் சாகடிக்கும். பிள்ளைகள் இதைவிட ஆர்வமாக எதையும் திருத்தமாட்டார்கள்.

அதே ஆசிரியை: மதிப்பெண் எப்படிப் போடுவது? சிலர் ஓவியத்தில் கெட்டிக்காரர்கள்.

ஓவியத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. பாதி, காட்டிய பக்கங்களுக்கு. பாதி, 'இதை ஏன் வைத்தாய்?' என்ற கேள்விக்கு நேரில் சொல்லும் பதிலுக்கு. எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருந்தால்தான் பக்க எண் பொருந்தும். பழைய பதிப்பு, புதிய பதிப்பு, கைப்பேசிப் பிரதி என்று கலந்திருந்தால் அத்தியாய எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள்.