கேள்வி-பதில்: கல்லீரல் கொழுப்பும் டீ டம்ளரும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு படிவது பற்றியவை. பாதிப் பேர் வயதை எழுதவில்லை, எடையை எழுதவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் படம் பிடித்து அனுப்பிவிட்டு, "என்ன சாப்பிடலாம் மேடம்?" என்கிறார்கள். வயது, உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, சாப்பிடும் மாத்திரைகள், குடிப்பழக்கம், சுகர் உண்டா இல்லையா என எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதாதவர்களுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. கிரேடு 4 ஆனால் ஆள் காலி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? (கோத்தகிரி)

அவர் இரண்டு கணக்குகளைப் போட்டுக் குழப்பிவிட்டார். அல்ட்ராசவுண்டில் கிரேடு 1, 2, 3 என்று மூன்றுதான். கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. நான்கு வரை போவது கல்லீரலில் விழும் தழும்பின் கணக்கு: எஃப்0 முதல் எஃப்4 வரை. எஃப்4 என்றால் சிரோசிஸ், தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிப்போன நிலை. கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் போகலாம். அதனால் கிரேடைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் ஃபிப்-4 கணக்கிடச் சொல்லுங்கள், தழும்பு இருக்குமா என்று ஊகிக்கும் எண் அது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம்களின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை இருந்தால் போதும், போனிலேயே போட்டுவிடலாம். 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பெரிய தழும்பு இல்லை. 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன். அப்புறம் ஒன்று: "எஸ்ஜிபிடி நார்மல், அதனால் ஒன்றுமில்லை" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். கொழுப்பு நன்றாகப் படிந்திருக்கும்போதும் அது நார்மலாக இருப்பது சகஜம்.

எஸ்டேட்டில் வேலை. நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறேன். 56 கிலோதான் இருக்கிறேன். எனக்கு எப்படி ஃபேட்டி லிவர் வரும்? ஸ்கேன் தவறா? (குன்னூர் அருகே)

ஸ்கேனைத் திட்டாதீர்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும், நம் நாட்டில் நிறையவே வருகிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிறதா? தராசைவிட இன்ச் டேப் உண்மை பேசும். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதாததை நானே கேட்கிறேன்: ஒரு நாளைக்கு எத்தனை டீ? மலையில் ஆறு டம்ளர் சாதாரணம். டம்ளருக்கு 2 ஸ்பூன் என்றால் 12 ஸ்பூன் சர்க்கரை, அதாவது 50, 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. ஏறி இறங்கிய உழைப்பில் ஒரு பங்கு டம்ளரில் திரும்பி வந்துவிடுகிறது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அரை என்று இறங்குங்கள், நாக்கு பழகிவிடும். இனிப்பைக் குடிக்காதீர்கள். இதை இன்னும் சில முறை சொல்லப் போகிறேன்.

ஒல்லியானவர்கள் பத்து கிலோ குறைக்க வேண்டியதில்லை, 2, 3 கிலோ இறங்கினாலே கல்லீரலில் தெரியும். சுகர், தைராய்டு, மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் பரிசோதனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது நாள்பட எடுக்கிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காபி குடிக்கலாமா? (அருவங்காடு)

தாராளமாக. தினமும் 2, 3 கப் காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை இல்லாமல். தூக்கம் கெடாத நேரத்தில்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஏபிசி ஜூஸ் குடிக்கிறேன். ஊட்டி கேரட், பீட்ரூட், ஒரு ஆப்பிள், 2 ஸ்பூன் மலைத்தேன். மூன்று மாதமாகியும் கிரேடு மாறவில்லை. சிறுநீர் சிவப்பாகப் போகிறது, நச்சு வெளியேறுகிறது என்றார்கள். இன்னும் எத்தனை நாள் குடிக்க வேண்டும்? (ஊட்டி)

இன்றோடு நிறுத்துங்கள்.

இந்த ஜூஸ் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்ப் பல வருடங்களாகின்றன. சிறுநீர் சிவந்தது நச்சால் அல்ல, பீட்ரூட்டின் சாயத்தால். பீட்ரூட் பொரியல் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாலே சிலருக்கு அப்படிப் போகும். கல்லீரலைக் "கழுவ" வெளியிலிருந்து எதையும் ஊற்ற முடியாது. கழுவும் வேலையைச் செய்வதே கல்லீரல்தான்.

உங்கள் டம்ளரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு கேரட், ஒரு பீட்ரூட், ஒரு ஆப்பிள் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. தேன் 2 ஸ்பூனில் இன்னும் 10 கிராமுக்கு மேல். மொத்தம் 8 ஸ்பூன் சர்க்கரை, அதுவும் வெறும் வயிற்றில், இரண்டு நிமிடத்தில். ஆப்பிளிலும் தேனிலும் பிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை அதிகம். அதைக் கையாளும் பெரிய பொறுப்பு கல்லீரலுடையது, வேகமாகவும் அதிகமாகவும் வந்தால் அதைக் கொழுப்பாக மாற்றி அங்கேயே வைத்துக்கொள்ளும். எந்த உறுப்பைச் சரிசெய்ய நினைக்கிறீர்களோ, அதன் தலையிலேயே சுமையை ஏற்றுகிறீர்கள்.

இதே கேரட்டையும் பீட்ரூட்டையும் நறுக்கிப் பொரியலாகச் சாப்பிட்டால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. நார்ச்சத்து அப்படியே இருக்கும், மெல்ல வேண்டியிருக்கும், ஒரு கிண்ணத்தில் வயிறு நிறைந்துவிடும். ஆப்பிளைக் கடித்துச் சாப்பிடுங்கள். வடிகட்டித் தூக்கி எறிகிறீர்களே அந்தச் சக்கை, உங்களுக்கு வேண்டியதே அதுதான்.

"தேன் இயற்கையானதுதானே?" என்று கேட்பீர்கள். மலைத்தேன் அருமையான பொருள்தான். ஆனாலும் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரை. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதுவே பதில். கல்லீரலுக்கு அது எந்த மலையில் எடுத்தது என்று தெரியாது.

கேரட் ஜூஸாகவே குடித்து உள்ளங்கை மஞ்சளாகி, காமாலை என்று பயந்து வருகிறவர்களும் உண்டு. கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது கேரட்டின் நிறம், நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் கேள்வி-பதிலுக்கு எழுதாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட் ஜூஸ் பக்கமே போகக் கூடாது, அதில் கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் அதிகம்.

மீண்டும்: இனிப்பைக் குடிக்காதீர்கள். பழமாக இருந்தாலும்.

பட்டர் ஃப்ரூட் எங்கள் தோட்டத்திலேயே காய்க்கிறது. கொழுப்பு என்பதால் தொடுவதில்லை. (பர்லியார்)

தொடுங்கள். அதில் உள்ளது நல்ல கொழுப்பு. பாதிப் பழம், உப்பு மிளகு தூவி. பாலும் சர்க்கரையும் ஊற்றி மில்க் ஷேக் போட்டால் என்னிடம் சொல்லாதீர்கள்.

அரிசியை விட்டுவிட்டு சாமையும் ராகிக் களியும் சாப்பிடுகிறோம். எங்கள் தாத்தா பாட்டி சாப்பிட்டது இதுதான். ஆனால் வீட்டில் யாருக்கும் எடை குறையவில்லை. (மஞ்சூர்)

தாத்தா பாட்டி தட்டில் வேறு என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவரை, கீரை, மொச்சை எல்லாம் தாராளமாக இருந்திருக்கும். நீங்கள் தானியத்தை மட்டும் மாற்றிவிட்டு, அளவை அப்படியே வைத்துக்கொண்டீர்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால் சாமையில் 65 கிராம். குவித்துச் சாப்பிட்டால் அந்த வித்தியாசம் எங்கே போகும்?

தட்டில் பாதி காய், கால் பங்கு அவரை, பயறு, முட்டை, மீன் மாதிரி புரதம், மீதிக் கால் பங்கு சாமையோ அரிசியோ. நம் ஊர் அவரையை நான் எங்கே போனாலும் சிபாரிசு செய்கிறேன். புரதமும் நாரும் ஒன்றாகக் கிடைக்கும், பசி தாங்கும். அதைக் குழம்பில் நான்கு பருக்கையாகப் போடாமல் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றின் தம்பி. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

குளிருக்கு ராத்திரி ஒரே ஒரு பெக். அதுவும் கூடாதா? (கேத்தி)

கூடாது. குளிரும் தணியாது. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தோன்றும், உடம்பின் உள்சூடு வெளியேதான் போகும். கம்பளி வாங்குங்கள்.

கீழாநெல்லிப் பொடி, சீந்தில் மாத்திரை இரண்டும் ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுகிறேன். லிவர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (குந்தா)

எந்த லிவர் மாத்திரை, யார் கொடுத்தது, எதற்காக என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது இல்லாமல் நான் எப்படிச் சொல்வது? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டியது சீந்திலை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதினார்கள். ஆன்லைனில் வரும் பொடியில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிரீன் டீயைக் குடிக்கலாம், அதன் சாற்றை அடைத்து விற்கும் காப்ஸ்யூல் வேண்டாம், அதிலும் கல்லீரல் கெட்டிருக்கிறது.

பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் 9 கிலோ குறைத்துவிட்டேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள். (வெலிங்டன்)

நான் பாராட்டவில்லை. இவ்வளவு வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம், தசையும் கரையும், கல்லீரல் அழற்சி கூடவும் வாய்ப்புண்டு. வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும்.

முழுசாகக் குணமாகுமா? புதிதாக ஊசி வந்திருக்கிறதாமே? எடை 80 கிலோ, வயது 44, சுகர் இல்லை, குடிப்பதில்லை. (கூடலூர்)

ஒழுங்காக எழுதப்பட்ட கடிதம். நன்றி. நான்கு கிலோ குறைத்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ போனால் அழற்சி அடங்கும், எட்டைத் தாண்டினால் ஆரம்பத் தழும்புகூடப் பலருக்கு இளகும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். சிரோசிஸ் வரை போய்விட்டால் கதை வேறு, அங்கே மேலும் கெடாமல் காப்பதே பெரிய வேலை. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை சேருங்கள், எடை இறங்காவிட்டாலும் நடைக்குத் தனியாகப் பலன் உண்டு. கூடலூர் மழையில் வெளியே போக முடியாத மாதங்களில் வீட்டுப் படிக்கட்டு இருக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும் 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடு ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. இரண்டுமே தழும்பு ஓரளவு முற்றி, சிரோசிஸ் ஆகாதவர்களுக்கு, அதுவும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு. தழும்பே இல்லாதவர் அந்த ஊசிக்காக அலைய வேண்டாம்.

முட்டை மஞ்சள் கரு? (எல்லநள்ளி)

தினமும் ஒன்று சாப்பிடலாம். அதில் உள்ள கோலின் என்ற சத்து, கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேற உதவுகிறது. பயப்பட வேண்டியது அதோடு சாப்பிடும் நான்கு புரோட்டாவுக்கு.

டீயோடு 2 வர்க்கி மட்டும். அதற்கும் தடையா? ஊட்டிக்காரி நான். (ஊட்டி)

மைதா, சர்க்கரை, பெரும்பாலும் வனஸ்பதி. தினமும் என்றால் தடைதான். மாதம் ஒரு நாள், சூடாக, சர்க்கரையில்லாத டீயோடு சாப்பிடுங்கள். பாக்கெட்டாக வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். மிஞ்சியதைக் கோயம்புத்தூர் நாத்தனாருக்குக் கொடுத்தனுப்பவும் வேண்டாம், போன மாதம் அங்கிருந்தும் எனக்கு நிறைய கிரேடு 2 ரிப்போர்ட்டுகள் வந்தன.