பல கட்சிகள் உள்ள நாட்டில் பள்ளியில் அரசியல் கற்பித்தால் அது கட்சிப் பிரசாரமாகிவிடாதா?

ஆகலாம். குடிமையியல் ஆசிரியன் நான். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். யாருக்கு வாக்களித்தேன் என்று ஒரு மாணவன் கேட்டபோது, ஒளிப்பானேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் பாதிப் பேர் என் கட்சிக்காரர்களாகவே எழுதினார்கள், மதிப்பெண்ணை நினைத்து.

ஜெர்மானியர்கள் இந்தச் சிக்கலைப் பாடத்திட்டச் சண்டையாகவே சந்தித்தார்கள். 1976இல் இடதும் வலதுமான கல்வியாளர்கள் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிப் பேசியதிலிருந்து மூன்று விதிகள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மீது திணிக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே வைக்க வேண்டும். தன் நலன் எதில் இருக்கிறது என்று ஆராய்ந்து செயல்படும் திறன் மாணவருக்கு வர வேண்டும். இரண்டாவது விதிதான் கடினம். நமக்குப் பிடிக்காத தரப்பையும், அந்தத் தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டுமே!

ஆனால் பிரசாரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் குறை வேறு. பாடப்புத்தகம் வாக்குச்சாவடி வாசலோடு நின்றுவிடுகிறது. வாக்குகள் இடங்களாக மாறும் கணக்கை யாரும் சொல்லித்தருவதில்லை.

அதனால் கட்சிப் பெயர்களை மறைத்து ஒரு தேர்தல் முடிவைக் கரும்பலகையில் எழுதுவேன். முதல் கட்சிக்கு 34 சதவீத வாக்கு, 550 இடங்களில் 363. ஏறத்தாழ 46 சதவீத வாக்குகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியும் இல்லை. "சார், கூட்டல் தப்பு" என்பார்கள். துருக்கியில் 2002இல் நடந்தது அதுதான்: பத்து சதவீதம் எட்டாத கட்சிக்கு இடமே இல்லை என்ற விதி. அடுத்து நெதர்லாந்து. அங்கே இப்படிப்பட்ட குறைந்தபட்ச வாக்கு வரம்பு பெயரளவுக்குத்தான்; 2021இல் 150 இடங்களுக்குள் 17 கட்சிகள் நுழைந்தன. கதவைச் சாத்தினாலும் சங்கடம், திறந்தாலும் சங்கடம். பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பின் புதிய அரசு அமைய 541 நாட்கள் பிடித்தன என்றால் வகுப்பே சிரிக்கும். (அதுவரை பழைய அரசே காபந்து அரசாக நிர்வாகம் நடத்தியது.)

பிறகு ஏழு குழுக்களாகப் பிரித்து, 150 இடங்களைச் சமமில்லாமல் பங்கிட்டு, 76 சேர்த்து ஆட்சி அமைக்கச் சொல்வேன். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் கொள்கைதான் உயிர். அரைமணியில் கல்வித் துறையைக் கொடுத்து நிதித் துறையை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

போன ஆண்டு ஒரு மாணவி கோபமாக எழுந்தாள். "இது பேரம் சார், ஜனநாயகம் இல்லை."

நியாயமான கோபம். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அவையில் விட்டுக்கொடுக்காமல் ஆட்சி இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்தது எது, யாருக்காக, எதற்குப் பதிலாக என்று வாக்களித்தவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கூட்டணி உடன்படிக்கையை எழுதி வெளியிடுகிறார்கள். வாக்காளர் அதை வாங்கி, கட்சியின் தேர்தல் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஒப்பீட்டைச் செய்யத் தெரிவதைத்தான் நான் அரசியல் கல்வி என்கிறேன். அதற்கு என் கட்சி எதுவென்று மாணவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் அந்த மாணவி நான்கு பக்க உடன்படிக்கையோடு வந்தாள். அவையில் அவள் குழுவுக்கு 19 இடங்கள்தான். உடன்படிக்கையில் நான்கு அமைச்சகங்கள் அவர்களுக்கு.