மூக்கு நுனியில் தொடங்கும் கோடு

கேள்வி: பாரிஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் இயேசுவின் முகம் அச்சிட்ட தாள் ஒன்றை வாங்கினேன். அடியில் ‘மெலான், 1649’ என்று இருக்கிறது. அசலா, நகலா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, முகத்தின் மூக்கு நுனியில் வையுங்கள். அசலில் அங்கிருந்து கிளம்பும் ஒரே கோடு சுருள் சுருளாக விரிந்துதான் கண், தாடி, முள்முடி, வழியும் இரத்தம் எல்லாமே ஆகின்றன. கோட்டைக் குறுக்கே வெட்டும் கோடு கிடையாது. செப்புத் தகட்டில் உளியால் கோடு செதுக்கி, மை நிரப்பி, தாளில் அழுத்தி எடுத்த அச்சு இது. நிழல் வேண்டிய இடத்தில் உளி செம்பில் ஆழமாக இறங்கியிருக்கும், கோடு தடிக்கும். வெளிச்சத்தில் மயிரிழையாக மெலியும். கண்ணிமை ஓரத்தில் இதைப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும்!

குளோத் மெலான் 1598இல் வட பிரான்சின் அப்வில் ஊரில் பிறந்தவர். 1624இல் ரோம் போய் சிமோன் வூவே என்ற பிரெஞ்சு ஓவியரிடம் பயின்றார். ஓவியரும்கூட, ஆனால் அவர் தீட்டியவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை, செதுக்கியவைதான் அவரை வாழவைக்கின்றன. 1630களில் பெய்ரெஸ்க், கசாந்தி என்ற அறிஞர்களுக்காகத் தொலைநோக்கியில் பார்த்து நிலவின் மூன்று தோற்றங்களைச் செம்பில் செதுக்கினார். நிலவின் பள்ளம் மேடுகளைப் பழகிய கைதான் பிறகு இந்த முகத்தைச் செதுக்கியது. ‘ஒருவர், ஒன்றாலேயே உருவானார்’ என்ற பொருளில் லத்தீன் வாசகமும் அதில் உண்டு. அந்த ஒன்று, கோடு.

லென்ஸில் கோட்டுக்குப் பதில் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பிற்கால அச்சு. அளவும் முக்கியம்: அசல் ஏறக்குறைய 43 செ.மீ. உயரம், 32 செ.மீ. அகலம். உங்களுடையது மிகச் சிறியதென்றால், சுருக்கிய நகல். அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அக்காலத்துக் கைத்தாளில் சல்லடைக் கம்பிகளின் வரிகள் தெரியும். ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் தகடு அழுந்திய பள்ளத்தை விரலால் உணரலாம். பள்ளம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒளிப்பட முறையில் செய்த செப்புத் தகட்டு நகல்களிலும் அது உண்டு. இவை அத்தனையும் பொருந்தினால், அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவில் அசலோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

அதுவரை தாளைக் கழுவாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற அட்டைகளுக்கு நடுவே வைத்து, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்திருங்கள்.