மலையை விட்டு எப்போது இறங்க வேண்டும்?

தர்மபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், கர்ப்பிணிகளின் குடும்பத்தார் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

அரூர்: என் மனைவிக்கு முதல் பிரசவம் சிசேரியன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அட்டையில் 'அதிக ஆபத்துள்ள கர்ப்பம்' என்று எழுதிவிட்டார்கள். ஏன்?

அது சாபம் இல்லை, தம்பி. முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலோ எழுதத்தான் வேண்டும். அறுவை அரங்கும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனையை இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்; அதுதான் அந்த எழுத்தின் பயன். மாதந்தோறும் 9ஆம் தேதி மருத்துவர் பார்க்கும் முகாமைத் தவறவிடாதீர்கள்.

சித்தேரி: வலி வந்ததும் 108ஐக் கூப்பிட்டால் போதாதா?

வண்டி வரும். ஆனால் அது மலை ஏறி வந்து, மறுபடி இறங்கவும் வேண்டுமே! மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். பிரசவ தேதிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கீழே வந்துவிடுங்கள். மலைப்பகுதிக்கான ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. உங்கள் செவிலியரிடம் கேளுங்கள். "மாட்டை யார் பார்ப்பது?" என்று மாமியார்கள் கேட்பார்கள். அந்த ஏற்பாட்டை ஏழாம் மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

பென்னாகரம்: தினமும் ராகிக்களி, கீரை. இருந்தும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 8.6தான். எப்படி?

இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள், அம்மா. ஒரு வீட்டில் "எல்லாம் போட்டுவிட்டேன்" என்றாள் ஒரு பெண். தண்ணீர் கேட்டு உள்ளே போனேன்; ராகி டப்பாவுக்குப் பின்னால் மூன்று அட்டைகள், பிரிக்கவே இல்லை. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து மாமியார் பயந்து நிறுத்தியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், பயம் வேண்டாம். சாப்பிட்டதும் டீ குடிப்பதை விடச் சொல்லுங்கள். இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் போடட்டும். கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். மாத்திரையில் ஏறாவிட்டால் இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். 7க்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. களி நல்லதுதான், ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யாது.

காரிமங்கலம்: பெங்களூரில் கட்டட வேலை செய்கிறோம். கர்ப்பத்தை எங்கே பதிவு செய்வது?

ஊர் செவிலியரிடமே, மூன்று மாதத்துக்குள். 102க்குப் பேசியும் கேட்கலாம். கிடைக்கும் 12 இலக்க எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

ஊத்தங்கரை: பேரன் பிறந்தபோது 1.9 கிலோ. வீடு வந்துவிட்டோம். கழுதைப்பால் புகட்டலாமா?

வேண்டவே வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் கூடாது. தாய்ப்பால் மட்டும். குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள், தாயின் வெறும் மார்போடு குழந்தையை அணைத்து, மேலே துணி போர்த்தி வையுங்கள். 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் எடை பார்க்க வீட்டுக்கு வருவார்கள், கதவைத் திறங்கள். பால் உறிஞ்ச மறுத்தாலோ, உள்ளங்கால் சில்லிட்டிருந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழிந்தாலோ அடுத்த வருகைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.