சிசேரியன் தழும்பு ஊசியால் கரையுமா?

கேள்வி: செந்தூலில் வசிக்கிறேன். வயது 31. சிசேரியன் ஆகி எட்டு மாதம் ஆகிறது. தழும்பின் வலது ஓரம் இழுக்கிறது. குழந்தையைத் தூக்கினால் சுருக்கென்று குத்துகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மையத்தில் ‘ட்ரை நீட்லிங்’ பத்து முறை செய்தால் தழும்பு கரைந்துவிடும் என்கிறார்கள். மொத்தம் 1,200 ரிங்கிட். பிள்ளை பெற்றிருந்தபோது உடம்பு பிடித்துவிட வந்த அக்காதான் அங்கே அழைத்துப் போனார். 300 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா?

பதில்: சகோதரி, தழும்பு கரையாது. நாளடைவில் நிறம் மங்கும், தட்டையாகும், இளகும், அவ்வளவுதான். கரைப்பதாகச் சொல்பவருக்குத் தழும்பைப் பற்றித் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

அவர்கள் சொல்லும் ‘ட்ரை நீட்லிங்’, அதாவது உலர் ஊசி என்பது மருந்து ஏற்றாத ஊசி. அக்குபங்சருக்குப் பயன்படும் அதே மெல்லிய ஊசிதான்; ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனம். தழும்பின் ஓரத்தில் சாய்வாகச் செருகி மெல்லத் திருகுவோம். அப்படித் திருகும்போது தோலுக்கு அடியில் உள்ள இழைகள் ஊசியில் சுற்றிக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் எலிகளின் திசுவில் கண்டிருக்கிறார்கள். அந்த இழுப்பில் ஒட்டிக் கிடக்கும் இடம் இளகும் என்று எதிர்பார்க்கிறோம். தழும்புக்கென்றே நடந்த ஆய்வுகள் குறைவு, அவையும் சிறியவை. என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு நல்ல பலன் இருந்தது. இரண்டு மூன்று முறையிலேயே அது தெரிந்துவிட்டது. மூன்றாவது முறையில் தெரியாதது பத்தாவது முறையில் தெரியும் என்று நம்பி எதற்காக முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும்?

முதலில் உங்கள் விரலைப் பயன்படுத்துங்கள். இன்றிரவு மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு விரல்களைத் தழும்பின் மேல் வைத்து, தோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு நகரும். வலது ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும், அடியில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் நின்றுவிடும். உங்களை இழுப்பது பெரும்பாலும் அந்த ஓர் அங்குலம்தான். அங்கே சிறிது எண்ணெய் தொட்டு, நாள்தோறும் ஐந்து நிமிடம், நகராத திசையை நோக்கியே பொறுமையாக நகர்த்துங்கள். ஆறு வாரம் செய்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

இதைப் பிரசவ வார்டிலேயே சொல்லி அனுப்பியிருக்கலாம். தையலைப் பார்த்தார்கள், அடுத்த தேதியை எழுதினார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். பிசியோதெரபிக்குப் போக ஒரு கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தால், எப்போதோ ஒரு தேதி. எத்தனை ஆண்டுகளாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்! தாய் காத்திருக்கும் இந்த இடைவெளியில்தான் ‘பேக்கேஜ்’ விற்பவர்கள் கடை விரிக்கிறார்கள். அழைத்து வருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் தரும் இடங்களும் உண்டு. உங்கள் அக்கா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மருத்துவர் கடிதம் இல்லாமல், வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், முதல் சந்திப்பிலேயே பத்து முறை என்று கணக்குப் போடும் எந்த இடத்தையும் நான் நம்ப மாட்டேன்.

சுவரில் மாட்டியிருக்கும் வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழ்களைப் பார்த்து மயங்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டத்தின் கீழ், துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகவே சொல்கிறேன்: கெலாய்டு. நம்மவர்களின் தோலில் இது அதிகம். தழும்பு, வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் அது வேறு. கோட்டைத் தாண்டி நண்டுக்கால்போல் படர்ந்திருந்தால் கெலாய்டு. உங்கள் இடது தோளைப் பாருங்கள்: பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசியின் தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா? காது குத்திய இடத்தில் உருண்டை வந்ததா? அம்மாவுக்கு, அக்கா தங்கைக்கு வந்ததா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் உலர் ஊசி வேண்டாம். கெலாய்டுக்கு ஒவ்வொரு குத்தும் ஒரு புதிய காயம். காயம் பட்டால் அது வளரும். தோல் மருத்துவரும் கெலாய்டில் ஊசிதானே போடுகிறார் என்பீர்கள். அவர் செலுத்துவது ஸ்டீராய்டு மருந்து. வளர்ச்சியை அடக்குவது அந்த மருந்துதான், ஊசி அல்ல. மருந்தில்லாத ஊசி வெறும் காயத்தை மட்டும் தரும். காது மடலில் கெலாய்டு இருந்தும், யாரும் கேட்காததால் தோள் தழும்பில் நான்கு முறை ஊசி ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். பென்சில் கோடாக இருந்த தழும்பு சுண்டுவிரல் கனத்துக்குத் தடித்திருந்தது.

மாதவிலக்கு நாட்களில் மட்டும் தழும்பில் கட்டிபோல் வீங்கி வலித்தால், ஊசியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுங்கள்.

முன்பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள்; ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தர மறுத்தாலும், 300 போய்விட்டதே என்பதற்காக மீதி 900-ஐக் கட்டாதீர்கள்.